நிக்கதேம் செதுக்காத முகம்

2020 ஜூன் மாதம், ஊரடங்கு நாட்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தது. கூடவே ஒரே ஒரு வரி: "சித்தி, நீங்க ஜெயிச்சுட்டீங்க." அவள் அப்போது இத்தாலியில், பீசா நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். திறந்தால் இத்தாலிய மொழிச் செய்தி. மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தித் தட்டுத்தடுமாறிப் படித்தேன். லுக்கா நகரப் பேராலயத்தில் இருக்கும் 'வோல்தோ சாந்தோ' (திருமுகம்) என்ற மரத்தாலான பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிலையை, ரேடியோ கார்பன் முறையில் சோதித்திருக்கிறார்கள். 8-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 9-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் இடையில் செய்யப்பட்டது என்று முடிவு வந்திருக்கிறது. மேற்கு ஐரோப்பாவில் இன்று மிஞ்சியிருக்கும் மரச்சிலைகளில் இதுவே மிகப் பழையதாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஈரக் கையோடு அப்படியே நின்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் மேல் சுமத்தியிருந்த பழி நீங்கியதுபோல இருந்தது.

அந்தச் சந்தோஷம் அன்று இரவு வரைக்கும்தான் நின்றது. படுத்த பிறகு அப்பா ஞாபகம் வந்தது. 1988-இல் எங்கள் வீட்டுச் சுவரில் நடந்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. இத்தனை வருடங்கள் ஆகியும் அந்த இரவின் கேள்வி என்னை விடவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

விளக்குகள் நிறைந்த ஊர்

முதலில் ஒரு விஷயம். நான் சொல்லும் லுக்கா, நற்செய்தி எழுதிய லூக்கா அல்ல. இது இத்தாலியின் தொஸ்கானா பகுதியில், பீசாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் ஊர். ஊரைச் சுற்றிப் பழைய கோட்டை மதில் சிதையாமல் நிற்கிறது. மதிலின் மேல் மரங்கள் நட்டிருக்கிறார்கள். மாலையில் குழந்தைகள் அதன்மேல் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

2019 செப்டம்பர் 13 அன்று நானும் அக்கா மகளும் அங்கே போயிருந்தோம். மறுநாள் திருச்சிலுவையின் மகிமை விழா. அதற்கு முந்தின இரவு லுக்காவில் 'லூமினாரா' என்ற விளக்குத் திருவிழா நடக்கும். மின்விளக்குகளை அணைத்துவிட்டு, பவனி போகும் தெருக்களில் வீட்டு ஜன்னல் விளிம்பு, கோயில் முகப்பு, வாசல் வளைவு என்று எல்லா இடத்திலும் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் மெழுகு விளக்கு வைக்கிறார்கள். கட்டடங்களின் கோடுகள் மட்டும் இருட்டில் நெருப்பால் வரைந்ததுபோலத் தெரியும். சான் ஃப்ரெதியானோ கோயிலில் புறப்படும் பவனி சான் மார்ட்டீனோ பேராலயத்தில் முடிகிறது. பிழைப்புக்காகப் பல தலைமுறைக்கு முன் தென் அமெரிக்காவுக்கும் வேறு நாடுகளுக்கும் போன லுக்காக்காரர்களின் வாரிசுகள் அந்தப் பவனியில் நடப்பதற்கென்றே வருகிறார்கள். எங்களுக்கு முன்னால் நடந்த ஒரு குடும்பம் ஸ்பானிஷ் மொழியில் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தது.

பேராலயத்தின் இடப்பக்க நடையில், மத்தேயோ சிவித்தாலி என்ற சிற்பி 1484-இல் கட்டி முடித்த எண்கோண வடிவச் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. கோயிலுக்குள் ஒரு கோயில். அதன் பொன் கம்பி அழிக்குப் பின்னால்தான் அந்தச் சுரூபம் இருக்கிறது. திருவிழா நாளானதால் கறுப்பு வெல்வெட் அங்கி, தங்கக் கிரீடம், தங்கக் கழுத்தணி எல்லாம் சார்த்தியிருந்தார்கள். கிரீடமும் கழுத்தணியும் 17-ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் செய்து போட்டவை. அலங்காரத்துக்கு நடுவில் முகமும் கைகளும் மட்டும் கறுத்துத் தெரிந்தன. நடுவில் வகிடு எடுத்த நீண்ட கூந்தல், இரண்டாகப் பிரிந்த தாடி, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்த தலை. கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன.

அந்தக் கண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கோயில்களில் நாம் பார்த்துப் பழகிய பாடுபட்ட சுரூபத்தில் ஆண்டவர் இறந்தவராகவோ இறந்துகொண்டிருப்பவராகவோ இருப்பார். தலை தோளில் விழுந்திருக்கும், விலாவில் காயம், இடுப்பில் ஒரு துண்டு. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தில் இருக்கும் 10-ஆம் நூற்றாண்டு 'கேரோ சிலுவை'யில் ஏற்கெனவே அந்தச் சாவு இருக்கிறது. கண் மூடி, வயிறு தளர்ந்து, உடல் முழுக் கனத்தோடு தொங்குகிறது. லுக்காவில் இருப்பவர் தொங்கவில்லை. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரம். வெல்வெட்டுக்கு அடியில் மரத்திலேயே செதுக்கிய நீளக் கை அங்கி கணுக்கால் வரை இறங்குகிறது, இடுப்பில் முடிச்சிட்ட கச்சை. சிலுவையின்மேல் அரசரைப்போல நின்றுகொண்டு கீழே நிற்பவரைப் பார்க்கிறார். அழிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு கிழவி நின்றிருந்தார். உதடு அசையவில்லை. அவர் நகர்ந்த பிறகு அதே இடத்தில் நானும் நின்றேன். செபம் எதுவும் வாயில் வரவில்லை. யாரோ என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. அதற்குமேல் அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வெளியே வந்து மெழுகு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்தபோது அக்கா மகள் போனில் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, இது ஒரிஜினல் இல்லையாம். 12-ஆம் நூற்றாண்டுல பண்ணின காப்பியாம். பழசு தொலைஞ்சு போயிடுச்சாம்."

"காப்பியா இருந்தா என்னம்மா" என்றேன். ஆனால் முகம் வாடியதை அவள் பார்த்துவிட்டாள். ரயிலில் திரும்பும்போதும் விடாமல் வாதாடிக்கொண்டு வந்தேன். இவ்வளவு பேர் இத்தனை நூற்றாண்டாகப் போட்டிபோட்டு வந்த சுரூபம் எப்படிக் காப்பியாக இருக்கும் என்று கேட்டேன். என் பக்கத்தில் காரணம் எதுவும் கிடையாது, ரோஷம் மட்டும்தான். அதனால்தான் ஒன்பது மாதம் கழித்து 'ஜெயிச்சுட்டீங்க' என்று அவள் எழுதினாள்.

உறங்கிப்போன சிற்பி

லுக்காவின் மரபு இந்தச் சுரூபத்தைச் செய்தவர் நிக்கதேம் என்கிறது. இரவில் இயேசுவைத் தேடி வந்தவர். அடக்கத்தின்போது வெள்ளைப்போளமும் சந்தனத்தூளும் கலந்து சுமந்து வந்தவர். ஆண்டவரின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கியவர்களில் ஒருவர் என்பதால், அந்த உடலின் கனமும் அளவும் அவர் கைக்குத் தெரியும். அந்த ஞாபகத்தை வைத்து மரத்தில் உடலைச் செதுக்குகிறார். முகம் மட்டும் பாக்கி. அதைத் தொடத் துணியாமல் தூங்கிவிடுகிறார். விழித்துப் பார்த்தால் முகம் முடிந்திருக்கிறது. வானதூதர் செதுக்கியது.

பிறகு பல நூற்றாண்டுகள் அது மறைவாகக் கிடக்கிறது. எருசலேமுக்குத் திருப்பயணம் போன குவால்ஃபிரேதோ என்ற ஆயர் கனவு கண்டு அதைக் கண்டெடுக்கிறார். மாலுமி யாரும் இல்லாத கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். கப்பல் லூனி துறைமுகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. லூனிக்காரர்கள் பிடிக்கப் போனால் விலகி ஓடுகிறது. லுக்காவின் ஆயர் ஜொவான்னி வந்து கூப்பிட்டால் கரைக்கு வருகிறது. சுரூபம் யாருக்கு என்று சண்டை. நுகம் பழகாத எருதுகளை வண்டியில் பூட்டிச் சுரூபத்தை ஏற்றி விடுகிறார்கள். எருதுகள் லுக்காவைப் பார்த்து நடக்கின்றன. திரு இரத்தம் இருந்த ஒரு குப்பியைக் கொடுத்து லூனிக்காரர்களைச் சமாதானப்படுத்துகிறார்கள். இதெல்லாம் நடந்த ஆண்டு 742 என்று ஏடுகள் சொல்கின்றன. கணக்கைத் திருத்தி 782 என்று கொள்பவர்களும் உண்டு. கடலில் தானாக வந்த சுரூபம், தேர் தானாக நின்ற இடம் என்ற கதைகளோடு வளர்ந்தவள் நான். எருதுகள் திரும்பிய இடத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது செருப்புக் கதை. காணிக்கை போட ஒன்றுமில்லாத ஏழைப் பாணன் ஒருவன் சுரூபத்தின் முன்னால் நின்று வாத்தியம் வாசிக்கிறான். ஆண்டவர் தன் வெள்ளிச் செருப்புகளில் ஒன்றைக் கழற்றி அவன் பக்கம் தள்ளுகிறார். இன்றைக்கும் அந்த வலது பாதத்துக்குக் கீழே ஒரு கிண்ணம் தாங்கலாக வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு காலத்தில் யாரோ கட்டிய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1150-களில் ஐஸ்லாந்திலிருந்து ரோமுக்கு நடந்து வந்த நிகுலாஸ் என்ற மடாதிபதி தன் வழிக்குறிப்பில் லுக்காவைச் சொல்கிறார். நிக்கதேம் செய்த சுரூபம் அங்கே இருக்கிறது, அது ஏழை ஒருவனுக்குத் தன் செருப்பைக் கொடுத்தது என்கிறார். வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவிலிருந்து ஒருவர் வந்து கேட்டுப் போகும் அளவுக்கு அப்போதே அந்தக் கதை ஊறிப்போயிருக்கிறது.

அதற்கும் முன்னால், 1100-இல் இறந்த இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம் கோபம் வந்தால் 'லுக்காவின் திருமுகத்தின்மேல் ஆணை' என்று சத்தியம் செய்வாராம். கோயில் சொத்துகளைப் பறித்ததற்குப் பேர்போனவர் அவர். ரோமுக்குப் போகும் திருப்பயணிகளின் பெருவழி லுக்கா வழியாகப் போனது. பட்டு வியாபாரத்தில் கொழித்த ஊர் அது. லுக்கா வணிகர்கள் வெனிஸ், ப்ரூஜ், பாரிஸ் என்று எங்கே குடியேறினாலும் அங்கே வோல்தோ சாந்தோவுக்கு ஒரு பீடம் அமைத்தார்கள். ஊர் நாணயத்திலும் அந்த முகத்தைப் பொறித்தார்கள். தாந்தே தன் நரகத்தில், கொதிக்கும் தாரில் மூழ்கிய லுக்காக்காரன் ஒருவன் மேலே வரும்போது, 'இங்கே திருமுகத்துக்கு இடமில்லை' என்று பேய்களைக் கத்த வைக்கிறார். பேய்கூட அறிந்த பெயர்.

நார்த்துணி சொன்னது

அறிஞர்கள் ஏன் இதைக் காப்பி என்றார்கள் என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பொறுமையாகப் படித்தேன். அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. அங்கியின் மடிப்புகளும் முகத்தின் நீளமும் 12-ஆம் நூற்றாண்டின் பாணியைப்போல இருந்தன. பார்மா நகரத்தில் வேலை செய்த பெனெதெத்தோ அந்தேலாமி என்ற பெரிய சிற்பியின் வட்டத்தோடு ஒப்பிட்டார்கள். ஆனால் வில்லியமின் சத்தியமோ 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டும் பொருந்த வேண்டுமானால் முதலில் ஒன்று இருந்திருக்க வேண்டும், பக்தர்கள் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்துப் போனதில் அது சிதைந்திருக்க வேண்டும், பிறகு புதிதாக ஒன்று செய்திருக்க வேண்டும். அதே தொஸ்கானாவில் சான்செபோல்க்ரோ என்ற ஊரில் இதேபோல அங்கி அணிந்த ஒரு சுரூபம் இருக்கிறது. அதன் மரம் 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று முன்பே சோதனை காட்டியிருந்தது. அப்படியானால் அதுதான் லுக்காவில் முதலில் இருந்ததோ என்றுகூட ஒருவர் எழுதினார். லுக்காக்காரர்களுக்கு அதைப் படிக்க எப்படி இருந்திருக்கும்!

2020 சோதனையை இத்தாலியத் தேசிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் ஃப்ளாரன்ஸ் ஆய்வகம் செய்தது. சுரூபத்தின் மரத்தில் மூன்று இடத்திலும், ஒட்டியிருந்த துணியில் ஓர் இடத்திலும் துளித்துளி எடுத்தார்கள். மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய பிறகு புதிதாக எதுவும் சேராது. உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் மெல்ல மெல்லக் குறையும், 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மரத்தின் நடுப்பகுதி வளையங்கள் மரம் வெட்டப்படுவதற்கு வெகு காலம் முன்பே வளர்ந்து முடிந்தவை. பழைய மரத்தை எடுத்துப் பின்னால் ஒருவர் செதுக்கியும் இருக்கலாம். ஆகவே மரத்தின் வயதைச் சிலையின் வயது என்று சொல்லிவிட முடியாது. துணி அப்படி இல்லை. வண்ணம் பூசுவதற்கு முன்னால் மரத்தின்மேல் துணியை ஒட்டுவது அந்தக் காலத்து வழக்கம். துணி நெய்த நார் ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாவது. பழைய மரத்தைத் தேடிப் பிடிக்கலாம். முந்நூறு வருடத்துத் துணியை எடுத்து வந்து ஒட்ட யாரும் மெனக்கெட மாட்டார்கள். அந்தத் துணியின் கணக்கும் மரத்தின் கணக்கும் ஒத்துப்போயின. எனக்கு அந்த இடம்தான் உறைத்தது. யாரோ ஒருவர் பசை தடவி, விரலால் நீவி, சுருக்கம் எடுத்து ஒட்டிய துணி. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் வண்ணத்துக்குள் மறைந்திருந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

ஆக, காப்பி இல்லை. நிக்கதேமும் இல்லை. இந்த இரண்டாவதை 'ஜெயிச்சுட்டீங்க' என்ற வரி எனக்கு மறைத்துவிட்டது.

அப்பா திரும்ப மாட்டிய படம்

இத்தாலியின் தூரின் நகரத்தில் ஒரு பழைய துணி இருக்கிறது, இயேசுவின் உடலைச் சுற்றி அடக்கம் செய்த துணி என்று நம்பப்படுவது. எங்கள் வீட்டு முன்னறையில் அந்தத் தூரின் திருத்துணியின் முகம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. 1898-இல் முதன்முதலாக அந்தத் துணியைப் புகைப்படம் எடுத்தபோது நெகட்டிவில் தெரிந்த அந்த முகம்தான், கறுப்பு வெள்ளையில், கண் மூடி. நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. மாலைச் செபம் அதன் கீழேதான். தவக்காலத்தில் சிலுவைப்பாதையில் ஆறாம் தலம் வரும்போது, வெரோணிக்காள் இயேசுவின் முகத்தைத் துடைத்தெடுத்த துணியும் வீட்டில் இருக்கும் படமும் ஒன்றுதான் என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

1988 அக்டோபரில் நான் பத்தாம் வகுப்பு. ஆக்ஸ்ஃபோர்டு, ஜூரிச், அரிசோனா என்று மூன்று ஆய்வகங்கள் அந்தத் துணியைச் சோதித்து, அது 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று சொன்ன செய்தி வந்தது. ஊரில் எல்லாரும் பேசினார்கள். பங்குக் கோயில் முற்றத்தில் பெரியவர்கள் 'துணியைச் சுட்டுப் பார்த்து ஆண்டவரைக் கண்டுபிடிக்கப் போறாங்களாம்' என்று கோபப்பட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் வாய் வலிக்கச் சண்டை போட்டேன். சோதனை தப்பு, மிஷின் தப்பு, மனுஷன் தப்பு. அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பேப்பரை இரண்டு தடவை படித்தார். மடித்து அலமாரியில் வைத்தார். சாயங்காலம் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். மூன்று நாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அந்த மூன்று நாளும் மாலைச் செபத்தை வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னோம். நாலாம் நாள் அப்பா கண்ணாடியைத் துடைத்து, பின்பக்கத்து அட்டையை மாற்றி, அதே ஆணியில் படத்தைத் திரும்ப மாட்டினார்.

முப்பது வருடமாக அந்தக் காட்சியை நான் ஒரே விதமாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். அப்பா யோசித்துப் பார்த்தார், சோதனையை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தார், மாட்டிவிட்டார். நான் போட்ட சண்டைக்கெல்லாம் அதுவே எனக்குப் பின்பலம். 2020 ஜூன் இரவில் படுத்திருந்தபோதுதான் முதல் தடவையாக வேறு மாதிரி தோன்றியது. அவர் சோதனையை நம்பியிருந்தால்? நம்பியதால்தானே இறக்கினார்? நம்பாதவர் எதற்கு மூன்று நாள் ஆணியை வெறுமையாக விட வேண்டும்? அந்தத் துணி ஆண்டவரைச் சுற்றிய துணி இல்லை என்பதை ஒத்துக்கொண்டுதான், அந்த முகத்தைத் திரும்ப மாட்டியிருந்தால்?

அவரிடம் கேட்க முடியாது. 2009-இல் போய்விட்டார். அம்மாவிடம் கேட்டேன். "கண்ணாடியில தூசி, துடைக்கத்தான் எடுத்திருப்பாரு" என்றார். மூன்று நாளாகவா துடைப்பார்கள்? அம்மாவிடம் அதற்குமேல் கேட்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து என் காரியத்தைப் பார்த்தேன். 1988-இல் பிடிக்காத பதிலைச் சொன்னது என்பதற்காக ஒரு முறையையே பொய் என்றேன். 2020-இல் அதே முறை பிடித்த பதிலைச் சொன்னதும் அரிசியை விட்டுவிட்டுக் கண்ணீர் விட்டேன். இது நேர்மை இல்லை. பொய் சொல்லாதே என்ற கட்டளைக்கு இதில் விலக்கு கிடையாது. அன்றைக்கு முடிவை உலகத்துக்கு அறிவித்தவரே தூரின் பேராயர் கர்தினால் பலஸ்த்ரேரோதான் என்று பின்னால் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தத் துணியைக் காக்கும் பொறுப்பில் இருந்தவரே எழுந்து நின்று அந்த எண்களைப் படித்திருக்கிறார். நான் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டு அவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். ஒன்று, இரண்டு சோதனையையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டையும் விட வேண்டும். நான் எடுத்துக்கொள்கிறேன். தூரின் துணியின் சோதனைத் துண்டு எடுத்த இடம் சரியில்லை என்று இன்றும் வாதாடுபவர்கள் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் உண்மையைத் தேடித்தான் பேசுகிறார்கள் என்றால் பேசட்டும். என் வரைக்கும், வலிக்கிறது என்பதை ஒரு காரணமாக இனிமேல் சொல்ல மாட்டேன்.

சென்னைப் பரங்கிமலையிலும் இதே கணக்கு இருக்கிறது. 1547-இல் போர்ச்சுக்கீசியர்கள் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை, புனித தோமையாரே தம் கையால் செதுக்கியது என்று சொல்லி வணங்குகிறோம். 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அதில் இரத்தம் வியர்த்தது என்பது மரபு. சிலுவையைச் சுற்றி பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து இருக்கிறது. கேரளத்தில் கோட்டயத்திலும் இப்படிச் சிலுவைகள் உண்டு. எழுத்தை வைத்துப் பார்த்தால் அப்போஸ்தலர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. லுக்காவில் நிக்கதேம், மலையில் தோமையார். ஒருவர் அந்த உடலைத் தாங்கியவர், மற்றவர் அந்தக் காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டவர். தொட்டறிந்த கைதான் இதைச் செய்திருக்க வேண்டும் என்று இரண்டு கரையிலும் மக்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள். இந்த ஆசையை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடல் தாண்டி வந்து குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர் யாரோ உளி பிடித்துச் செதுக்கியது என்று சொன்னால் அந்தக் கல் எனக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது.

தாடி வளர்ந்த கன்னி

வோல்தோ சாந்தோவின் பிரதிகள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே போனபோது வேறொன்று நடந்தது. அதற்குள் சிலுவையில் அங்கியோடு இருக்கும் கிறிஸ்துவை அங்கே மக்கள் மறந்துவிட்டார்கள். நீளப் பாவாடைபோல அங்கி, தலையில் கிரீடம், முகத்தில் தாடி; இது யார்? பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். கதை பிறந்தது. போர்த்துகல் அரசனின் மகள் கிறிஸ்துவுக்கென்று கன்னியாக இருக்க நேர்ந்துகொள்கிறாள். தகப்பன் புறமத அரசன் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். என்னை யாரும் விரும்பாதபடி செய்யும் என்று அவள் மன்றாடுகிறாள். இரவோடு இரவாகத் தாடி முளைக்கிறது. தகப்பன் அவளைச் சிலுவையில் அறைகிறான். வில்கெஃபோர்ட்டிஸ் என்று ஒரு பெயர். ஜெர்மன் பேசும் நாடுகளில் 'கவலை' என்ற சொல்லை ஒட்டி கும்மர்னிஸ். இங்கிலாந்தில் 'சுமை இறக்குபவள்' என்று பொருள்படும் பெயர். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தில் அவளுக்கு ஒரு சிலை இன்றும் நிற்கிறது. செருப்பு வாங்கிய பாணனும் விடாமல் அவள் காலடிக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

'சுமை இறக்குபவள்' என்ற பெயர் எப்படி வந்தது என்றால், கொடுமைக்காரப் புருஷனிடம் சிக்கியவர்கள் அவள் முன்னால் ஓட்ஸ் தானியத்தைக் காணிக்கையாக வைத்து, இந்தச் சுமையை என்னிடமிருந்து இறக்கு என்று வேண்டினார்கள். அதை எழுதிவைத்த ஆண்கள் கேலியாகத்தான் எழுதிவைத்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் பங்கு இல்லை. அடி வாங்கிய முதுகோடு, மடியில் ஒரு படி தானியத்தை முடிந்துகொண்டு, விடியற்காலையில் கோயிலுக்குள் நுழையும் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு புனிதை வாழ்ந்ததே இல்லை. அவள் பார்த்து நின்றது லுக்காவிலிருந்த ஒரு சுரூபத்தின் காப்பியின் காப்பியை, அதையும் தப்பாகப் புரிந்துகொண்டு. அந்தச் சங்கிலியில் வரலாறு ஒப்புக்கொள்ளும் கண்ணி ஒன்றுகூட இல்லை. ஆனால் அவள் அழுதது நிஜம். சிலுவையில் நிற்பது தன்னைப்போல அடிபட்ட ஒரு பெண் என்று அவள் நினைத்தாள். அங்கே இருந்தவரோ கிறிஸ்து. விலாசம் தப்பாக எழுதிய கடிதம், போக வேண்டிய வீட்டுக்கே போயிருக்கிறது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். இதற்குச் சோதனை எதுவும் கிடையாது.

நிக்கதேம் கதைக்கு நான் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான். 'ஆண்டவரைப் பார்த்தவர் செய்தது' என்று ஊர் பெருமைப்பட்டுக்கொள்வதற்காகக் கட்டிய கதை என்றால், அவரே முகத்தையும் செதுக்கினார் என்று முடித்திருக்கலாமே. அதுதான் பலமான சாட்சி. ஆனால் கதை அந்த இடத்தில் உளியைக் கீழே வைக்கச் சொல்கிறது. பார்த்தவருக்கே முகம் வரவில்லை. முகத்துக்குக் காத்திருந்து அசந்து தூங்கிப்போன ஒருவரை அந்த ஊர் தன் கோயிலின் முதல் சிற்பியாக வைத்துக்கொண்டது. 8-ஆம் அல்லது 9-ஆம் நூற்றாண்டில் அந்த அக்ரூட் மரத்தை உண்மையிலேயே செதுக்கியவர் யாராக இருந்தாலும், முகத்துக்கு வந்தபோது அவர் கையும் ஒரு தடவை நின்றிருக்கும்.

2022-இல் அந்தச் சுரூபத்தைச் சின்னக் கோயிலிலிருந்து வெளியே எடுத்து, பேராலயத்துக்குள்ளேயே ஒரு பணியிடம் அமைத்துப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பழைய கலைப்பொருள்களைச் சீரமைக்கும் ஃப்ளாரன்ஸின் ஒப்பிஃபீச்சோ நிறுவனத்தார் செய்த வேலை. நூற்றாண்டுகளின் புகையும் பிற்காலப் பூச்சும் படிந்து கறுத்திருந்த மேற்பரப்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் துடைத்தார்கள். அடியில் பழைய வண்ணம் இருக்கிறது. அக்கா மகள் படம் அனுப்பும்போதெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பேன். நான் கும்பிட்ட அந்தக் கறுத்த முகம் இனி அதே கறுப்பில் இருக்காது என்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. "இப்போ எது சித்தி ஒரிஜினல்?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். சரி, நேரில் வரும்போது பேசலாம் என்று எழுதினேன்.

அப்பாவின் படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதே சட்டம், அவர் மாற்றிய அதே அட்டை. பின்னால் அவர் கையெழுத்தில் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நாள் கழற்றிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை முத்தி செய்ய வரிசையில் நின்றேன். எங்கள் பங்கில் வைப்பது கடையில் வாங்கிய பிளாஸ்டர் சுரூபம். வாங்கி இருபது வருடம் இருக்கும். கால் பெருவிரலில் வண்ணம் முழுக்கப் போய் வெள்ளையாகத் தெரிந்தது, அத்தனை உதடுகள். என் முறை வந்தது. குனிந்து அந்த வெள்ளை இடத்தில் முத்தி செய்தேன். நிமிரும்போது வழக்கமில்லாமல் முகத்தைப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் நின்ற அம்மா மெல்லத் தோளைத் தொட்டார்.